பீடத்தின் கீழே ஒரு கிணறு

முரல்தீவு கடலுக்குள் மூழ்கிய பிறகும் மெட்டில்டாவும் அவள் கணவன் ரொசாரியும் அதற்கு மேலேயே மிதக்கும் வீட்டில் இருந்தார்கள். நாளைக்குள் குடிநீர் கிடைக்காவிட்டால் எல்லோரையும் போலக் கரைக்குப் போயாக வேண்டும்.

“ஓடி வாங்க, கிணறு இருக்கு.”

கணினித் திரையில், தீவு மூழ்குமுன் எடுத்த கடைசி வான்படத்தின் மேல் மெட்டில்டா பழைய டச்சு வரைபடத்தைப் பொருத்தியிருந்தாள். கப்பல்காரர்கள் நன்னீர் எடுத்த கிணற்றின் மேல்தான் பின்னால் மாதா கோயிலைக் கட்டியிருந்தார்கள். பீடத்துக்கு நேர் கீழே.

“நமக்குக் கல்யாணம் நடந்த இடத்தையா துளைக்கச் சொல்ற?”

“உங்க கால் நடுங்கிச்சே, அதே இடந்தான். இறக்குங்க.”

ரொசாரி சிரித்தபடி துளைக்குழாயை இறக்கினான். கல் நொறுங்கியது. சேறு வந்தது, பிறகு தெளிந்த நீர். மெட்டில்டா குழாயில் வாய் வைத்தாள்.

“உப்பா?”

அவள் குடித்துக்கொண்டே இருந்தாள்.