ஒரு விரற்கடை மண்

கதவு அசையவில்லை.

அவள் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவின் அடிப்பக்கத்தைப் புதுத் தரை கவ்விப் பிடித்திருந்தது.

பின்னால் கணவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருடமாக இந்தக் கதவு அவர் முகத்துக்கு நேரேதான் சாத்தப்படும்.

எல்லாம் டைல்ஸால் வந்தது. அவளைக் கேட்காமல் வீடு முழுக்கப் போட்டார். முதல் வாரமே வழுக்கி விழுந்து அவளுக்குக் கணுக்கால் முறிந்தது. தூக்க வந்தவர், தூக்குவதற்கு முன்னால், "பாத்து நடக்கக் கூடாதா?" என்றார்.

கால் கூடிவிட்டது.

அந்தப் பேச்சு ஆறவில்லை. அவள் தன் படுக்கையை இந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

உடுமலையில் தங்கை வீட்டுக்குப் போனவள் இன்று சாயங்காலம்தான் திரும்பியிருந்தாள். அவள் இல்லாத நாட்களில் அவர் தனியாக உட்கார்ந்து, மண் பிடிப்பதற்காக இந்த அறையின் டைல்ஸை உளியால் கொத்திவிட்டு, செம்மண்ணையும் மணலையும் நறுக்கிய வைக்கோலையும் மிதித்துப் பூசி, காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெய் தேய்த்திருக்கிறார்.

இந்த முறையும் கேட்கவில்லை. பிறவிக் குணம் எங்கே போகும்?

தரை உயர்ந்தால் கதவு மாட்டிக்கொள்ளும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. திறந்தபடி இருந்த கதவோடு ஒட்டிப் பூசிவிட்டார்.

"அடியில ஒரு விரக்கடை அறுத்துட்டாச் சரியாப் போயிரும் கண்ணு. ஆசாரியக் கூட்டியாறேன்."

குரல் தாழ்ந்திருந்தது. இதையும் கெடுத்துவிட்டோமோ என்று அவருக்குப் பயம்.

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள்.

உள்ளே நடந்தாள்.

விழுந்த நாளிலிருந்து அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். மண் காலுக்குக் குளிரவில்லை, வழுக்கவுமில்லை. சன்னல்வரை போய்த் திரும்பியபோதுதான், கை சுவரில் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

சந்தோஷமாக இருந்தது. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

அவர் இன்னும் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"ஆசாரிய இப்பக் கூப்புட வேண்டாங்க" என்றாள். "வெயில் காலம் முடியட்டும். அதுவரைக்கும் கொஞ்சம் காத்து வரட்டும்."

அது மார்கழி மாதம்.

அவர் மப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"ஆமா கண்ணு, ஒரே புழுக்கமாத்தான் இருக்குது."