மான்சாவின் செருப்பு

அவள் எழுதிய பெண் மேடையில் மண்டியிட்டாள்.

முன்வரிசை நாற்காலியில் எழுதியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இது அவள் எழுதியது இல்லை.

அவளுடைய மான்சா மண்டியிட மாட்டாள். புருஷன் அடித்த கையோடு சாப்பாடு கேட்பான். மான்சா வாசலில் கிடக்கும் செருப்பைக் காலில் மாட்டுவாள். கதவைத் திறப்பாள். போய்விடுவாள். அவ்வளவுதான் நாடகம்.

இந்த மான்சாவின் காலில் செருப்பு இல்லை. வாசலிலும் இல்லை. கதவாவது இருக்கிறதா என்று பார்த்தாள். பலகையில் பெயின்டால் வரைந்து வைத்திருந்தார்கள். கைப்பிடிக்கு மட்டும் நல்ல மஞ்சள் நிறம்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றாள் மான்சா.

புருஷனாக நடித்தவன் ஆசீர்வாதம் செய்வதுபோல் கையை நீட்டினான்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கொஞ்ச நேரம் முன்புதான் இதே மேடையில் அவளுக்குப் பொன்னாடைபோல் கென்டே துணி போர்த்தினார்கள். கானாவின் நாடகத் தாய் என்றார் அமைச்சர். முன்னோடி என்று வேறு சொன்னார். தாய் என்று கூப்பிட்டுவிட்டால் கிழவி சண்டைக்கு வர மாட்டாள் என்று ஒரு கணக்கு.

பக்கத்து நாற்காலியில் இயக்குநர் எபோ இருந்தான். அவன் பக்கம் திரும்பினாள்.

"எங்கடா என் கதவு?"

அவன் குனிந்து காதோரம் சொன்னான்.

"காலம் மாறிடுச்சு ஆன்ட்டி. இப்பல்லாம் குடும்பத்தோட நாடகம் பாக்க வர்றாங்க. அழுதுட்டு வீட்டுக்குப் போகணும். சண்டை போட்டுக்கிட்டுப் போகக் கூடாது."

காலம் மாறிவிட்டதாம்.

அந்தக் காலத்தில், ஊர் ஊராகப் போன நாடகக் குழுக்களில் ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள். மான்சாவுக்கு ஆண் கூடாது என்று அவள் பிடிவாதமாக நின்றாள். எந்தப் பெண்ணும் வரவில்லை. மேடை ஏறினால் கல்யாணம் நடக்காது என்று பயந்தார்கள். அவளே ஏறினாள். அவளுக்குத்தான் கல்யாணம் ஆகியிருந்ததே.

அவளுடைய புருஷன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அவன் பார்க்க, அவள் கதவைத் திறந்தாள். மேடைக்குப் பின்னால் நிற்கவில்லை. வேஷத்தைக் கலைக்கவில்லை. நேராக, வெளியூர் லாரிகள் ஆள் ஏற்றும் நிலையத்துக்குப் போனாள்.

வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

அந்தக் கதவைத்தான் இந்தப் பயல் பெயின்டால் அடைத்து வைத்திருக்கிறான்.

மேடையில் மான்சா அழுதாள். அராபா என்ற சின்னப் பெண். நன்றாகத்தான் அழுதாள். பின்வரிசைகளில் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

ஒரு மீன்காரி எழுந்து மேடைக்குப் போனாள். அழுகிறவளின் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அங்கே அது வழக்கம். மேடையில் ஒருத்தி அழுதால் பார்க்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பழமோ ரொட்டியோ எடுத்துக்கொண்டு ஏறிப்போய்க் கொடுப்பார்கள். யாரும் தடுப்பதில்லை. கொடுக்க வந்தவர் இறங்கும்வரை திரையையும் இழுப்பதில்லை.

அவள் எழுந்தாள்.

"ஆன்ட்டி, உக்காருங்க" என்றான் எபோ.

படிக்கட்டில் நின்ற காவலாளி வழிவிட்டான். கூட்டம் கை தட்டியது. தாய் மகளுக்கு ஏதோ கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள்.

அவள் கையில் ஒன்றும் இல்லை.

அராபாவின் எதிரே போய் நின்றாள். தன் செருப்பைக் கழற்றினாள். அந்தப் பெண்ணின் முழங்காலுக்குப் பக்கத்தில் காலாலேயே தள்ளினாள்.

"போட்டுக்கோ."

கை தட்டல் நின்றது.

அராபா செருப்பைப் பார்த்தாள். பிறகு கீழே எபோவைப் பார்த்தாள். திரையை இழுக்கச் சொல்லி அவன் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். திரைக்காரன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். கிழவி இன்னும் இறங்கவில்லையே. அவன் எப்படி இழுப்பான்?

அராபாவின் உதடு மட்டும் அசைந்தது.

"கதவு திறக்காது ஆன்ட்டி. வரஞ்சதுதான்."

 கிழவி, தான் ஏறிவந்த படிக்கு வழிவிட்டு விலகி நின்றாள்.

 

அராபா எழுந்தாள். ஆரஞ்சுப் பழத்தை இடுப்பில் செருகினாள். செருப்பு அவளுக்குக் கொஞ்சம் பெரியது. மாட்டிக்கொண்டாள்.

படியில் இறங்கினாள். எபோவைத் தாண்டினாள். அமைச்சரைத் தாண்டினாள். நாற்காலிகளுக்கு நடுவே, செருப்பு டப் டப்பென்று அடிக்க, நடந்தாள்.

பின்வரிசையில் யாரோ எழுந்துபோய் அரங்கத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். தெருவின் இரைச்சல் உள்ளே வந்தது.

கதவு மறுபடி மூடும்வரை யாரும் கை தட்டவில்லை.

மேடையில் கிழவி வெறுங்காலோடு நின்றாள். புருஷனாக நடித்தவன் இன்னும் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். கீழே மண்டியிட யாரும் இல்லை. மெதுவாக அவள் பக்கம் திரும்பினான்.

"இப்ப நான் என்ன சொல்லணும் ஆன்ட்டி?"

அந்த இடத்தில் அவனுக்கு அவள் ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை.