வீட்டுக்காரருக்காக வந்தவள்

டம்ளரை வாங்கிய கை நடுங்கியதில் தேநீர் தளும்பி அவள் மடியிலேயே சிந்தியது.

"பயப்படாதீங்க, முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் ஆடும்," என்று துடைக்கத் துணியை நீட்டினாள் வாசலில் நின்ற பெண். ஒரு பெரிய கடையில் கல்லாவில் உட்காருகிறவள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடுகிற இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லாருக்கும் அவள் கேஷியர் அக்கா. புதிதாக வருகிறவர்களை உள்ளே அழைத்து உட்காரவைப்பது அவள் பொறுப்பு.

வந்தவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதே வலது கையாலேயே மடியைத் துடைத்துக்கொண்டாள். இடது முழங்கை மடங்கினது மடங்கினபடியே இருந்தது.

"இடம் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டீங்களா?"

"நூலக மாடின்னு மட்டும்தான் தெரியும். கீழ செஸ் வகுப்புக்குள்ள போயிட்டேன். நான் சொல்றதுக்குள்ள உக்கார வச்சுக் காயெல்லாம் அடுக்கிட்டாங்க."

கேஷியர் அக்கா சிரித்துவிட்டாள். "அங்கயும் ரெண்டு பேரு நம்ம ஆளுங்கதான். சரி, எத்தனை வருஷமா?"

"எது?"

"குடிதான்."

"ஐயோ, நான் இல்லீங்க!" வந்தவளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்காக வந்தேன். அவரை விட்டுட்டு வந்து ரொம்ப நாளாச்சு. இப்பக் குடிக்கறதே இல்ல, திரும்பி வந்துடுன்னு போன் மேல போன். போகலாமா வேண்டாமான்னு தெரியாம மண்டை வெடிக்குது. இங்க வர்றவங்க நெஜமாவே மாறுறாங்களான்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டா முடிவு பண்ணிடுவேன்."

கேஷியர் அக்கா அவள் தோளில் கை வைத்தாள். இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்!

"நானும் முதல் நாள் என் தம்பிக்காக வந்தேன்னுதான் சொன்னேன்."

"அவருக்குச் சரியாயிடுச்சா?"

"எனக்குத் தம்பியே கிடையாது."

"நான் நெஜமாவே வீட்டுக்காரருக்காகத்தாங்க," என்றாள் வந்தவள். கேஷியர் அக்கா எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினாள்.

"உள்ள வாங்க. இங்க பேரு சொல்ல வேண்டாம், ஊரு சொல்ல வேண்டாம். பொய் மட்டும் சொல்லக் கூடாது. கடைசியில, புதுசா வந்தவங்க எழுந்து ஒரு வார்த்தை பேசணும், அவ்வளவுதான். மனுஷங்க மாறுவாங்களான்னு கேட்டீங்கல்ல? இன்னிக்கு எங்க லிஃப்ட்காரர் பேசறார். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

முன்னால் எத்தனையோ நாற்காலி காலியாக இருந்தும், வந்தவள் கடைசி வரிசைக்குப் போனாள். மலைபோல் உட்கார்ந்திருந்த ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். துணைக்குக் கேஷியர் அக்காவும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"ஊரையே மேல ஏத்திவிட்டுட்டு நான் மட்டும் கீழ கிடந்தேன்," என்றதும் கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "பல் தேய்க்கறதுக்கு முன்னாடியே குடிப்பேன். எங்க ஒளிச்சு வச்சாலும் என் மனைவி கண்டுபிடிச்சுத் தொட்டியில கொட்டிடுவா. ஒருநாள் அப்படிக் கொட்டினப்போ அவளை மாடிப்படியில பிடிச்சுத் தள்ளினேன். தவறி விழலை. நான்தான் தள்ளினேன்."

சிரித்தவர்கள் அடங்கிப்போனார்கள். கடைசி வரிசையில் வந்தவளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது. 'பரவாயில்லை, இவளுக்கும் உறைக்கிறது' என்று கேஷியர் அக்கா மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

"அப்புறம் அவளுக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு," என்றார் லிஃப்ட்காரர். "ஆஸ்பத்திரியில சோறு தண்ணி இல்லாம பக்கத்துலயே கிடந்தேன். மூச்சு அடங்கறதுக்கு முன்னால என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'உங்களை மன்னிச்சுட்டேங்க, குடியை மட்டும் விட்டுடுங்க'ன்னா. அந்த ஒரு வார்த்தைதான் இன்னிக்கு வரைக்கும் என்னை நிக்க வச்சிருக்கு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் ஒருவர் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

கேஷியர் அக்கா மூக்கை உறிஞ்சினாள். "பாத்தீங்களா? போற நேரத்துலயும் ஒரு ஆளைக் கரையேத்திட்டுப் போயிருக்கா, மகராசி. இவர் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் நானெல்லாம் பாட்டிலைத் தொடாம இருக்கேன். இப்ப சொல்லுங்க, மாறுவாங்களா மாட்டாங்களா?"

வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கை இப்போது நடுங்கவில்லை.

"புதுசா வந்திருக்கற அம்மா ஒரு வார்த்தை பேசலாமே," என்றார் கூட்டத்தை நடத்துகிறவர்.

"தைரியமாப் பேசுங்க," என்று கேஷியர் அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "உண்மையைச் சொல்லிட்டா பாரம் இறங்கிடும்."

அவள் எழுந்தாள். முன்னால் இருந்த பெரிய முதுகு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர், புதிதாக வந்தவரை வரவேற்கச் சிரித்தபடி நிமிர்ந்தார். கைக்குட்டை பாதி முகத்திலேயே நின்றுவிட்டது.

"நான் சாகவும் இல்ல, உங்களை மன்னிக்கவும் இல்ல."