தம்பி கொடுத்த ரத்தம்

"பச்சைப் பொய்! உங்க வீட்டுக்காரருக்குத் தம்பி ரத்தம் ஒரு சொட்டுகூட ஏத்தலை!" என்றாள் நர்ஸ்.

"ஐயோ, மெதுவா!" நோயாளியின் மனைவி அவளை வார்டுக்கு வெளியே இழுத்து வந்தாள்.

"இதய ஆபரேஷன் முடிஞ்சதும் நெஞ்சுக் குழாய்ல வடிஞ்ச அவரோட ரத்தத்தையே சுத்தம் பண்ணி அவருக்கே ஏத்திட்டோம். தம்பி கொடுத்தது பிளட் பேங்க்ல அப்படியே இருக்கு. படுத்திருக்கிற மனுஷனை ஏமாத்தலாமா?"

"அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருஷமாச்சு சிஸ்டர். வீட்டு நடுச்சுவர் தகராறு. ஆபரேஷன்னு காதுல விழுந்ததும் கொழுந்தனார் ஓடி வந்து ரத்தம் கொடுத்துட்டு, இவர் கண்ணுல படாம போயிட்டார். மனசு கேக்கலை. 'உங்க உடம்புல ஓடறது தம்பி ரத்தம்'னு அடிச்சு விட்டேன். உடனே 'கூப்பிடு அவனை'ன்னுட்டார். கொழுந்தனாரும் வந்து உள்ளே உட்கார்ந்திருக்கார்."

"உண்மை தெரிஞ்சா?"

"மறுபடி முறுக்கிக்குவார். அந்த வீம்பு எனக்குத் தெரியாதா?"

உள்ளே ஒரே சிரிப்பு. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அண்ணன் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"டேய், கண்ணு முழிச்சதுலேருந்து உன்னை மாதிரியே விசில் அடிக்கணும்போல இருக்குடா! எல்லாம் உன் ரத்தம் பண்ற வேலை!"

"அடிச்சுப் பார்த்தியாண்ணா?"

"வெறும் காத்துதான் வருது."

"ஒரு பாட்டில்தானே கொடுத்தேன்? விசிலுக்கு ரெண்டு பாட்டிலாவது வேணும்!"

"சிரிக்க வைக்காதடா, தையல் பிரிஞ்சுடும்!"

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ வாங்கப் போனார்.

நர்ஸுக்குத்தான் பொறுக்கவில்லை. நோயாளியிடம் உண்மையை மறைப்பதாவது! பிரஷர் பார்க்கிற சாக்கில் கட்டிலருகே போனாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு ஏத்தின ரத்தம்..."

"என்னோடதுதான். காலையில டாக்டரே சொல்லிட்டார்."

நர்ஸ் பிரஷர் பட்டையைக் கட்டில் மேலேயே வைத்தாள்.

அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டுக்காரிகிட்ட மூச்சு விட்டுடாதீங்க சிஸ்டர். எட்டு வருஷமா அவனைக் கூப்பிட ஒரு காரணம் கிடைக்காமத் தவிச்சிட்டிருந்தேன்!"