சூறாவளியானைக் கிழித்தவர்

பேயாண்டி மீது எங்கள் வீரசாகச ரசிகர் மன்றம் சுமத்திய குற்றங்கள், நடந்த வரிசைப்படி:

தை மாதம், எங்கள் கையெழுத்துப் பத்திரிகையில் ஒட்டியிருந்த முகமூடி வீரன் படத்தின் கலர் நோட்டீஸைக் கிழித்தது. டூரிங் டாக்கீஸ் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஒரு மைல் ஓடி வாங்கிய நோட்டீஸ் அது.

மாசியில், வாசகர் கருத்துக்காக விட்டிருந்த வெள்ளைத்தாள் நாலு. யுத்தகாலத்தில் வெள்ளைத்தாள் கிடைக்கிற பாடு எல்லோருக்கும் தெரியும்.

பங்குனியில், பறக்கும் வீரன் சூறாவளியானின் சித்திரக்கதையில் கடைசிப் பக்கம். திருப்பரங்குன்றம் மலையிலிருந்து குதித்தவன் தரையைத் தொட்டானா இல்லையா என்று தெரியாமல் பதினோரு பேர் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்.

சித்திரையில், விமர்சனப் பக்கம். அதில் என் விமர்சனம் இருந்தது. இதை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

மாதம் ஒரே ஒரு பிரதி. அதுதான் இருபத்தேழு பேர் கை மாறும். நாலு தடவையும் பேயாண்டி வீட்டுக்குப் போய்வந்த பிறகே பக்கம் குறைந்தது.

பேயாண்டி மதுரை ஜெயிலில் வார்டர். மூன்று முறை உள்ளே போய்வந்த எனக்கு அந்தக் காக்கியைக் கண்டாலே ஆகாது. மன்றச் செயலாளர் என்ற முறையில் ஜெயில் சூப்பிரண்டுக்குப் புகார் எழுதி வைத்தேன். மன்றத்தார் கையெழுத்துப் போட்டால் போதும், ஆளுக்கு வேலை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை, கருத்தக்கண்ணனின் சைக்கிள் கடை மாடியில் கூடினோம். சாட்சிகள் ஒன்பது பேர்.

புகாரைப் படித்த கருத்தக்கண்ணன் சிரித்தான்.

"என்னண்ணே, சர்க்காரோட ஒத்துழைக்கக் கூடாதுன்னு மேடைக்கு மேடை பேசுவீக. இப்ப அதே சர்க்காருக்கு மனுவா?"

"இது வேறு விஷயம்" என்றேன்.

சோணையம்மாளும் வந்திருந்தார். சூறாவளியானைப் படைத்த எங்கள் சுருளியின் மனைவி. ஆகஸ்ட் போராட்டத்தில் சுருளியைப் போலீஸ் கொண்டுபோனது. வேலூர் ஜெயில் என்றார்கள், அலிப்புரம் ஜெயில் என்றார்கள். எட்டு மாதமாக ஆள் இருக்கிற இடம் தெரியவில்லை.

தை மாதத்திலிருந்து, பேர் போடாத யாரோ ஒரு ரசிகர் கதையைத் தொடர்ந்து வரைந்து தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஒட்டிவந்தோம்.

டூட்டி முடிந்து நேராக வந்தார் பேயாண்டி. குற்றங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"ஒத்துக்கொள்கிறீரா?"

"நாந்தேன் கிழிச்சேன்."

"ஏன்?"

"அதை மட்டும் கேக்காதீகண்ணே."

"வெளியே எடுத்துப்போய் வித்தீரா?"

"சூறாவளியானை விக்கவா? பெத்த பிள்ளையை வித்தாலும் விப்பேன், அவனை விக்க மாட்டேன்!"

சபையில் சிரிப்பு எழுந்தது. கருத்தக்கண்ணனுக்கு மட்டும் கண் வேறெங்கோ இருந்தது.

"தலைப்பாகை இன்னைக்கு ஒரு பக்கமாத் தூக்கிக்கிட்டு நிக்குதே, மாப்ள?" என்றபடி எட்டி ஒரு இழுப்பு இழுத்தான்.

மடித்த தாள் ஒன்று விழுந்தது. சித்திரை மாத விமர்சனப் பக்கம்!

"அண்ணே, அதைப் படிக்காதீக. அம்புட்டுப் பேர் இருக்காக" என்று பாய்ந்து வந்தார் பேயாண்டி. நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"சாட்சிகள் முன் உரக்கப் படித்தால்தான் செல்லும்" என்று சொல்லி, முதலில் இருந்த என் விமர்சனத்தைப் பெருமையோடு படித்தேன்.

"இது படமா, கரிச்சட்டியில் புரண்ட பூனையா? சுருளியின் தூரிகை எங்கே, இந்தக் கரிக்கட்டை எங்கே? இப்படி வரைகிற ஆளை முதலில் ஜெயிலில் போட வேண்டும்."

கை தட்டினார்கள்.

அடுத்தது சோணையம்மாள் எழுதியது: "சூறாவளியானின் அங்கி ஏன் இம்புட்டு அழுக்கு? துவைத்துப் போட வீட்டில் ஆள் இல்லையா?"

அதற்கு இன்னும் பலத்த கைதட்டல்.

"பின்பக்கமும் ஏதோ எழுதியிருக்கு, அண்ணே" என்றான் கருத்தக்கண்ணன்.

திருப்பினேன். கரியால் எழுதிய எழுத்து. அதே வேகத்தில் படித்துக்கொண்டு போனேன்.

"செயலாளர் ஐயாவுக்கு: விமர்சனம் கண்டேன். தங்கள் யோசனையைச் சர்க்கார் எட்டு மாதம் முன்பே நிறைவேற்றிவிட்டது. தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார்கள். சமையல்கட்டுக் கரிதான் கிடைக்கிறது. முகமூடி நோட்டீஸும் வெள்ளைத்தாளும் வந்து சேர்ந்தன. போன மாதப் பக்கம் வந்ததால்தான் அவனை மலையிலிருந்து பத்திரமாக இறக்க முடிந்தது..."

என் வேகம் குறைந்தது.

"மெதுவாண்ணே!" பேயாண்டியின் குரல் கெஞ்சியது. "வெளிய தெரிஞ்சா என் சோலி போகும். அதுகூடப் பரவாயில்ல. அவரை வேற ஊருக்கு மாத்திப்பிடுவாக. அதுக்குப் பயந்துதான் அவர் வீட்டுக்குக்கூடச் சொல்லல."

பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள். கருத்தக்கண்ணன் ஓடிப்போய் சன்னல்களைச் சாத்தினான். வரும்போது பேயாண்டியின் தலைப்பாகையைத் தூசி தட்டி இரண்டு கையாலும் நீட்டினான்.

"அண்ணே, அந்தப் புகாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"எந்தப் புகார்?" என்றேன். அது என் கையில் எட்டுத் துண்டாக இருந்தது.

"மிச்சத்தையும் படிங்க" என்றார் சோணையம்மாள்.

"அங்கி அழுக்கு என்று எழுதிய வாசகிக்கு: துவைக்க வீட்டில் ஆள் இருக்கிறாள். நான்தான் வீட்டில் இல்லை. சீக்கிரம் வருவேன். அதுவரை அவன் அழுக்கு அங்கியோடுதான் பறப்பான்."

சோணையம்மாள் எழுந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. கண்ணைத் துடைக்கத் தோன்றவில்லை.

"பேரு போட்டிருக்கா?"

போட்டிருந்தது. ஒன்பது சாட்சிகளும் எழுந்து நின்றார்கள். சன்னலைத் தாண்டாத குரலில் படித்தேன்:

"சுருளி."