வெட்டாத மடிப்பு

யுத்தகாலக் காகிதப் பஞ்சத்திலும் நிசாசரன் என்ற எழுத்தாளரின் பேய் நாவல் மாதம் தவறாமல் வந்தது. லஸ் கடைத்தெருவில் வாடகை நூல்நிலையம் வைத்திருந்த லூயிசாவுக்கு அதில்தான் பிழைப்பு.

“மாசம் ஒண்ணு எழுத அவரு மனுசனா, மிசினா? எவனையோ வெச்சு எழுதறாரும்மா,” என்பார் சாந்தோம் வாத்தியார் அல்போன்ஸ்.

“எவன் எழுதுனா என்ன சார்வாள், பயம் வந்தாச் சரி,” என்பார் ஜவுளிக்கடை பேச்சிமுத்து.

திரும்பி வரும் ஒவ்வொரு நாவலின் கடைசிப் பக்கத்திலும் யாரோ பென்சிலால், ‘இது நான் எழுதியதல்ல’ என்று கிறுக்கியிருந்தார்கள். லூயிசாவுக்கு ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருநாள் வாத்தியாரிடமே கேட்டுவிட்டாள்.

“மாதா சத்தியமா நான் இல்லம்மா,” என்றார் அவர். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

அடுத்த நாவல் அச்சகத்திலிருந்து கட்டாக வந்தது. புதுப் புத்தகத்தில் தாள்களின் மடிப்பு வெட்டாமலே இருக்கும். முதலில் படிப்பவர்தான் கத்தியால் பிரிக்க வேண்டும். லூயிசா ஒரு பிரதியை எடுத்து, கடைசி மடிப்பை நிதானமாகப் பிரித்தாள்.

‘இதுவும் நான் எழுதியதல்ல.’

அதே பென்சில், அதே கையெழுத்து. அவள் வழக்கம்போல ரப்பரை எடுத்தாள். பிரிந்த தாள்களுக்கிடையிலிருந்து, அப்போதுதான் சீவியதுபோல ஒரு பென்சில் சுருள் அவள் மடியில் விழுந்தது.