அரை மீற்றர் இடைவெளி

கடை வாசற்படியில் நின்ற மனிதரின் கையில் இரண்டடி நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று இருந்தது. அதைத் தோளில் சாய்த்தபடி அவர் மூன்றாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"சுணங்குமோ? அங்கால பொலிஸ்காரன் நிக்கான்." குரலில் கனிவு இல்லை.

"அஞ்சி நிமிசம்" என்றாள் நதீரா, திரும்பாமலே.

அவள் நில அளவையாளர். ஒலுவில் கரையில் அவளுடைய வாப்பாவின் தென்னை வளவைக் கடல் அரித்து, வேலி நின்ற இடத்தில் செங்குத்தான மண்சுவரொன்றை விட்டுவைத்திருந்தது. கைத்தொலைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்த அதிகாரி, "இது சும்மா சரிவுதானே" என்று மனுவைத் திருப்பியனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் அங்கே கருங்கல் கொட்டப்படும். கொட்டினால் மண்சுவர் மறையும். இழப்பீட்டுக்கான ஒரே சான்றும் அதனோடு மறையும். அதற்கு முன் ஆழம் தெரியும் படம் வேண்டும், அதாவது இரு கண்களுக்கும் தனித்தனியே இரு படங்கள். கல்முனையில் அதற்கான பழைய கமராக்கள் இருந்தது ஜவுபரின் கடையில் மட்டுந்தான்.

"பெரிய பிலிம் ஓடுற கமரா வேணும், காக்கா. மண் அடுக்கெல்லாம் தெரியணும்" என்றாள் நதீரா.

ஜவுபர் ஒன்றின் மேலொன்றாக இரு லென்ஸ் பொருத்திய கமரா ஒன்றை மேசையில் வைத்து, அவளைக் கடந்து வாசலைப் பார்த்தார்.

"தம்பி, இதுல ரெண்டு லென்ஸ் இரிக்கி. கொண்டு போங்க."

"அதுல ஒண்டு நாம பாக்கிறத்துக்கு, ஒண்டு எடுக்கிறத்துக்கு. படம் ஒண்டுதான் வரும்" என்றாள் நதீரா.

ஜவுபர் அந்தப் பதிலை வாசலிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொண்டார். அந்நியப் பெண்ணிடம் நேரே கதைப்பதில்லை என்பது அவருடைய வழக்கம். அது நல்ல வழக்கம் என்பது அவருடைய தீர்மானம்.

"அப்ப இது ரஷ்யச் சாமான், தம்பி. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு படம்." இன்னொரு கமராவை எடுத்து வைத்தார்.

"லென்ஸ் ரெண்டுக்கும் நடுவுல ஆறு சென்ரிமீற்றர்தான் இரிக்கி" என்றாள் நதீரா. "நான் பதினஞ்சி மீற்றர் தள்ளி நிண்டு எடுக்கணும். இதால எடுத்தா மண்சுவர் திரும்பவும் தட்டையாத்தான் தெரியும். அரை மீற்றராவது விலத்தி வெக்கணும். அந்த அலுமாரியில இரிக்கிற ஒரே மாதிரிச் சோடியத் தாங்க, சட்டத்தில பூட்டி எடுக்கிறன்."

ஜவுபர் அலுமாரியைப் பூட்டிச் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"தம்பி, இரிக்கிறதே ஒரு சோடி. விளங்காத கைக்குக் குடுத்து, உடஞ்சி திரும்பி வாறதப் பாக்க எனக்கு ஏலா. நாலெழுத்துப் படிச்சாப் போதும், எல்லாம் தெரியும் எண்டு நெனப்பு. நீங்க செல்லுங்க, எது வேணும்?"

"கேக்கிறது நான், காக்கா."

"நான் தம்பியோட கதைக்கிறன்."

வாசலில் நின்றவர் பொறுமையிழந்து உள்ளே வந்தார். சட்டத்தை மேசைமீது போட்ட வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

"என்ன காக்கா நீங்க? அந்தச் சோடிய எடுங்க. அரை மீற்றர் விலத்தித்தான் வெக்கணும்."

"அரை மீற்றர்!" என்றார் ஜவுபர். முகம் மலர்ந்தது. "அப்பிடித் தெளிவாச் செல்லுங்களன். விசயம் தெரிஞ்ச ஆள்." அலுமாரி திறந்தது. "பிலிம்? கறுப்பு வெள்ள இரிக்கி, வேகம் நானூறு."

"ஸ்லைட் பிலிம், நூறு" என்றாள் நதீரா. "பிரின்ட் போடாம, பாக்கிற பெட்டிக்குள்ள வெச்சி அந்த அதிகாரிட கண்ணில புடிக்கணும். ரெண்டு றோலும் ஒரே தொகுதியில வந்ததா இரிக்கணும். இல்லாட்டி ஒரு கண்ணுக்கு ஒரு நிறம் வரும்."

ஜவுபர் அசையவில்லை. மனிதர் கூரையைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார்.

"ஸ்லைட். நூறு. ஒரே தொகுதி."

"அதுதான் சரி, தம்பி!" ஜவுபர் குளிர்ப்பெட்டியிலிருந்து இரண்டு றோல்களை எடுத்து, எண்களை ஒப்பிட்டு, துடைத்து வைத்தார். "இப்பிடி நிதானமாத் தெரிஞ்செடுக்கிற ஆம்பிளயள இப்பக் காணக் கிடைக்கா."

நதீரா இரு கமராக்களின் ஷட்டரையும் ஒருசேர அழுத்தினாள். இரண்டு ஒலிகளும் ஒரே ஒலியாகும்வரை மீண்டும் மீண்டும் அழுத்திப் பார்த்தாள். பணத்தை எண்ணாமல் மேசையில் வைத்தாள்.

ஜவுபர் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"பழுது வந்தா ஒரு கிழமைக்குள்ள கொண்டு வாங்க, தம்பி. சீட்ட யாருட பேரில எழுதுற?"

"அவங்கட பேரில எழுதுங்க."

அந்தப் பெருந்தன்மையும் ஜவுபருக்குப் பிடித்திருந்தது. பேனா முனை தாளைத் தொட்டு நின்றது.

"அவங்கட பேர்?"

"எனக்கெப்பிடித் தெரியும், காக்கா? நான் ஓட்டோக்காரன்."